ஈமாக்ஸின் ஸ்கிராட்ச்சில் ஓடும் லிஸ்ப் நிரல் என் கோப்பில் மட்டும் ஏன் ஓடவில்லை?

ரோஸ்ஹில் டீச்சர்:
வணக்கம். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் வீடு – லகாஸ், தண்ணீர் – திலோ என்று சொற்பட்டியல் போட்டுக் கொடுப்பேன். எல்லாம் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில்தான் தட்டுகிறேன், கூடவே அதன் நிரல்மொழியான லிஸ்ப்பையும் கற்றுவருகிறேன், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தாலும் அது ஏற்றுக்கொள்வதைப் பார்த்ததிலிருந்து இதை விட மனசே வரவில்லை.

சிக்கல் இதுதான். நான்கு பாடங்களை டூலிஸ்ட் என்ற சுற்றில் 'பாடம்' என்ற மாறி வழியாக ஓடவிட்டு, எஃப்5 முதல் எஃப்8 வரை ஒவ்வொரு விசைக்கும் ஒரு லாம்டா (பெயரில்லாத சிறு செயற்கூறு) கட்டியிருக்கிறேன். விசையைத் தட்டினால் அந்தப் பாடத்தின் சொற்கள் கர்சர் இருக்கும் இடத்தில் விழ வேண்டும். ஈமாக்ஸின் முயற்சிப் பக்கமான ஸ்கிராட்ச் பஃபரில் நான்கும் அருமையாக வேலை செய்கின்றன. அதே வரிகளைத் தனிக் கோப்பில் ஒட்டி, ஈமாக்ஸை மூடித் திறந்து ஏற்றினால், ஏற்றும்போது ஒன்றும் சொல்வதில்லை, விசையைத் தட்டும்போதுதான் 'பாடம்' என்ற மாறிக்கு மதிப்பே இல்லை என்கிறது. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. பதிப்பு 29.

டர்பன்வாசி:
அக்கா, உங்கள் நிரல் சரிதான், கோப்பின் தலையில்தான் ஒரு வரி குறைகிறது. ஈமாக்ஸ் லிஸ்ப்பில் ஆதியிலிருந்தே டைனமிக் பைண்டிங், அதாவது மாறியின் மதிப்பை நிரல் ஓடும் நேரத்தில் தேடும் முறை: சுற்று ஓடும்வரைதான் 'பாடம்' உயிரோடு இருக்கும், பிறகு நீங்கள் விசையைத் தட்டும் நேரத்தில் லாம்டா தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது. லெக்ஸிகல் பைண்டிங் என்ற இன்னொரு முறை 2012இல் பதிப்பு 24உடன் வந்தது, அதில் லாம்டா தான் பிறந்த இடத்து மாறியைக் கையோடு வைத்துக்கொள்ளும். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதால் கோப்பு கேட்டால்தான் தருவார்கள். ஸ்கிராட்ச்சுக்கு மட்டும் பதிப்பு 27 முதல் கேட்காமலே கிடைக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஈமாக்ஸையே கேளுங்கள். இரண்டு பஃபரிலும் கண்ட்ரோல் எச், அப்புறம் வி தட்டி, லெக்ஸிகல்-பைண்டிங் என்று கொடுத்துப் பாருங்கள். சரிசெய்ய, உங்கள் கோப்பின் கீழ்ப்பட்டையில் எலிஸ்ப் என்ற சொல்லை ஒட்டி ஒரு சாய்கோடும் டைனமிக்கின் முதல் எழுத்தும் தெரியும், அந்த எழுத்தைச் சொடுக்கினால் மாற்றட்டுமா என்று கேட்கும், ஆமாம் என்றால் முதல் வரியைத் தானே எழுதிவிடும். சேமித்து மறுபடி ஏற்றுங்கள்.

மோக்கா:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பிழை போகட்டும் என்று 'பாடம்' மாறிக்கு டெஃப்வார் (பொது மாறியாக அறிவிக்கும் கட்டளை) மட்டும் போட்டுவிடாதீர்கள், பலர் அப்படித்தான் சொல்வார்கள். டெஃப்வார் போட்ட மாறி லெக்ஸிகல் கோப்பிலும் டைனமிக்காகவே இருக்கும், நான்கு விசையும் அந்த ஒரே மதிப்பைத்தான் பார்க்கும். அந்த டெஃப்வார் வரியை அழித்தாலும் ஈமாக்ஸை மூடித் திறக்கும்வரை மாறி டைனமிக்காகவே இருக்கும்.

ரோஸ்ஹில் டீச்சர்:
ரொம்ப நன்றி தம்பி! ஸ்கிராட்ச்சில் டி (t, உண்மை) என்றது, என் கோப்பில் நில் (nil, இல்லை) என்றது. சொடுக்கினேன், மறுபடி ஏற்றினேன், நான்கு விசையும் ஓடுகின்றன. மோக்காக்காரருக்கும் நன்றி, டெஃப்வார் போடும் யோசனை இருந்தது, விட்டுவிட்டேன். பாடங்கள் கூடிக்கொண்டே போகின்றன, விசைகள் போதாது. பெயரைத் தட்டிப் பாடத்தை எடுக்க வழி உண்டா?

டர்பன்வாசி:
உண்டு அக்கா. ஒரே ஒரு கட்டளை போதும்: உள்ளே கம்ப்ளீட்டிங்-ரீட் என்ற செயற்கூறிடம் பாடப் பட்டியலைக் கொடுங்கள், முதல் சில எழுத்தைத் தட்டி டேப் அடித்தால் பெயரை முடித்துத் தரும். திரும்பி வருவது பெயர் மட்டும்தான், சொற்களை எடுக்க அதைப் பட்டியலில் தேடித் தரும் அஸாக்கிடம் கொடுங்கள். பெயர் எழுத்துச் சரமாக இருப்பதால் அஸ்க்யூ வேண்டாம், அது எழுத்துகளை ஒப்பிடாமல் அதே பொருளா என்றுதான் பார்க்கும், அதில் கிடைக்காது.