பின்சக்கர இயக்கக் காரில் ஸ்வே பாரின் தடிமன்

கேள்வி: மாஸ்டா மியாட்டாவில் வளைவுகளில் காரின் உடல் சாய்வதைக் குறைக்க, முன்புறம் தடிமனான ஸ்வே பார் (இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் முறுக்குக் கம்பி) பொருத்த எண்ணுகிறேன். அதனால் அண்டர்ஸ்டியர் (ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு வளையாமல் கார் வளைவின் வெளிப்புறம் நோக்கிப் போவது) கூடும் என்கிறார்களே, உண்மையா?

மறுமொழி 1: கோட்பாட்டளவில் உண்மையே. எந்த அச்சின் பார் விறைப்பாகிறதோ, வளைவில் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு இடம்பெயரும் சுமையில் அந்த அச்சின் பங்கு கூடுகிறது. சுமை கூடும் அதே விகிதத்தில் டயரின் பிடிப்பு கூடுவதில்லை என்பதால், அங்கே மொத்தப் பிடிப்பு குறைகிறது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே 22 மில்லிமீட்டர் திண்ம பாரை 24 ஆக்கினாலே, பிற அளவுகள் மாறாதபோது, ஏறத்தாழ 42 விழுக்காடு கூடிவிடும்.

மறுமொழி 2: அதற்காகப் பின்புற பாரையும் அதே அளவுக்குத் தடிப்பாக்கிவிடாதீர்கள். உட்புறப் பின்சக்கரத்தின் சுமை குறைந்து, சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) உள்ள காரில், வளைவிலிருந்து வெளியேற முடுக்கும்போது அது வீணாகச் சுழலும். ஈரச் சாலையில் பின்பகுதி சட்டென விலகும். சற்றே அண்டர்ஸ்டியர் இருப்பது, என் கருத்தில், பொதுச்சாலைக்கு நல்லதே.

மறுமொழி 3: முனைகளில் பல துளைகள் உள்ள பாரை வாங்குங்கள். பாரை சஸ்பென்ஷனுடன் சேர்க்கும் இணைப்புத் தண்டை நுனித் துளையில் மாட்டினால் பாரின் விறைப்பு குறையும், உள்துளையில் மாட்டினால் கூடும். பாரைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் (உறைகள்) தேய்ந்திருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள்.