ஹிட்ச் ஷாங்க்: பூட்டுத்தண்டா, கணைக்காலா?

தேவகோட்டையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். 'ஹிட்ச் ஷாங்க்' என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது. காரின் பின்புறம் அடியில் உள்ள சதுரக் குழாய்க்குள் செருகி, குறுக்கே ஆணி போட்டு நிறுத்தும் கனத்த இரும்புத் துண்டு அது. வண்டியைத் தாங்கும் குண்டு அதன் மறுமுனையில் அமர்கிறது. சமதரையில் வண்டியை மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து, அந்தக் குண்டைப் பற்றிக்கொள்ளும் வண்டிக் கவ்வியின் அடிவிளிம்பு வரையும், குழாய் வாயின் உள்மேல் விளிம்பு வரையும் அளக்க வேண்டும். குழாய் 22 அங்குலத்திலும் கவ்வி 18 அங்குலத்திலும் இருந்தால் 4 அங்குலம் கீழிறங்கும் துண்டு தேவை. இப்போதைக்கு 'இணைப்புத் தண்டு' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

காரைக்குடியிலிருந்து:

தம்பி, மாட்டை வண்டியில் இணைக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை, பூட்டுகிறோம் என்றுதான் சொல்கிறோம். ஆகவே 'பூட்டுத்தண்டு'. தைப்பூசத்துக்குக் காவடிகளோடு பழனிக்குச் செல்லும் நம் பக்கத்து மாட்டுவண்டிக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். உங்கள் கையேட்டின் பாதிச் சொற்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலெழும்பும், முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். இழுவை வண்டிக்கும் இதுவே நியாயம்: முகப்பு தூக்கி நின்றால் பாரம் பின்னுக்குப் போய் ஓட்டத்தில் வால் ஆடும், முகப்பு தாழ்ந்தால் காரின் பின்சக்கரங்களில் சுமை கூடி, முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். குண்டின் மீது இறங்கும் எடை, வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பார்கள். ஆங்கிலத்தில் 'டங் வெயிட்' என்கிறார்களே என்று அதை 'நாக்கு எடை' என்று எழுதிவிடாதீர்கள். 'முன்பாரம்' என்ற சொல் காத்திருக்கிறது.

கானாடுகாத்தானிலிருந்து:

'முன்பாரம்' மிக நன்று. 'பூட்டு' என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. இன்று அச்சொல்லைக் கேட்பவர் சாவியைத்தான் தேடுவார். ஷாங்க் என்பது முழங்காலுக்குக் கீழுள்ள காலையும் குறிக்கும். நமக்கும் 'கணைக்கால்' உண்டு. குறுந்தொகையின் 9ஆம் பாட்டில் 'பாசடை நிவந்த கணைக்கால் நெய்தல்' என்று வருவதை நினைவுகூருங்கள். அங்கே அது மனிதக் கால் அன்று. பசிய இலைக்கு மேலே பூவை உயர்த்திப் பிடிக்கும் திரண்ட தண்டு. குண்டைத் தன் முனையில் தாங்கி, வேண்டிய உயரத்தில் நிறுத்தும் இரும்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? சுருக்கமாகக் 'கணை' என்றாலும் போதும்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, பாட்டு அழகானது. ஆனால் 'கணைக்காலைக் குழாய்க்குள் செருகவும்' என்று படிப்பவர் திகைத்துப் போவார். 'கணை' என்றாலோ அம்பு. பூணுவது தன்வினை, பூட்டுவது பிறவினை. கதவுப் பூட்டும் ஏர்ப்பூட்டும் அந்த ஒரே வேரில் பிறந்தவை. ஒரு பொருள் மங்கியது என்பதற்காக உழவர் நாவிலிருந்து அச்சொல்லைப் பறிக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து:

தனிமடலில் எழுதிய மூவரும் பூட்டுத்தண்டு என்றே சொன்னார்கள். நாள் நெருங்கிவிட்டதால் அதையே எழுதுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'ஹிட்ச் ஷாங்க் எனப்படும் பூட்டுத்தண்டு' என்று வரும். சில வகைகளைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினால் இறங்குவதே ஏறுவதாகிவிடும் என்பதால், இறக்கம், ஏற்றம் என்பவற்றைத் தண்டின் பெயரோடு ஒட்டாமல் அளவாக மட்டும் குறிக்கிறேன். 'முன்பாரம்' மறுப்பின்றி நின்றது.

கானாடுகாத்தானிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை, தம்பி. ஆயினும் திருடு போகாமல் இருக்க, அந்தத் தண்டின் ஆணிக்குச் சாவியோடு கூடிய பூட்டு ஒன்று விற்கிறார்களே, அதைப் 'பூட்டுத்தண்டுப் பூட்டு' என்றா எழுதப் போகிறீர்கள்? அந்தப் பக்கத்துக்கு வரும்போது எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.