நீண்ட இடைவெளிக்குப் பிறகு பிஎம்எக்ஸ்: பழைய ஃப்ரேமில் கட்டுவதா, முழு வண்டியாக வாங்குவதா?

திரும்பிவந்தவன்:

வணக்கம். பல வருடம் விட்டுப்போன பிஎம்எக்ஸை (சாகசத்துக்கும் ரேஸுக்கும் ஓட்டும் சின்னச் சக்கர சைக்கிள்) மறுபடி தொடங்கப் போகிறேன். உயரம் 5 அடி 11 அங்குலம், எடை 84 கிலோ. பம்ப் டிராக் (மிதிக்காமல் உடலை அமுக்கித் தூக்கி ஓட்டும் மேடுபள்ளப் பாதை), ஸ்கேட்பார்க்கில் சின்ன ரேம்ப், இவ்வளவுதான் திட்டம். கிரைண்ட் (கம்பி, விளிம்பு மேல் வண்டியை உரசிச் சறுக்குவது) பண்ணும் எண்ணம் இல்லை.

கையில் 90களின் கடைசியில் வந்த ஃப்ரேமும் ஃபோர்க்கும் இருக்கின்றன. டாப் ட்யூப் (ஃப்ரேமின் மேல் குழாய்) 20 அங்குலம். பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) ஓட்டை 51 மி.மீ. ஒரே கம்பியாக வளைத்த கிராங்க் (பெடல் மாட்டும் கை). கியர் 44-க்கு 16 (முன்னால் 44 பல், பின்னால் 16). பின் டிராப்அவுட்டில் (சக்கர அச்சு உட்காரும் தகடு) 10 மி.மீ. அச்சுக்கான வெட்டு. இதிலேயே புதுப் பாகங்களைப் போட்டுக் கட்டலாமா, முழு வண்டியாக வாங்கிவிடலாமா? வாங்கினால் எதைப் பார்த்து முடிவு செய்வது? இப்போது எல்லா வண்டியும் 25-க்கு 9 கியரில் வருகிறது. அது மிதிக்கக் கனமாக இருக்காதா?

ஒன்பது_பல்:

முழு வண்டியாக வாங்குங்கள் நண்பரே. அந்த ஃப்ரேமில் கட்ட முடியாது என்று சொல்லவில்லை. ஒரு பாகத்தை மாற்றப் போனால் அது அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும், சிக்கல் அங்கேதான்.

முதலில் கியர். 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75. 25-ஐ 9-ஆல் வகுத்தால் 2.78. காலுக்கு வித்தியாசமே தெரியாது. முன் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) சின்னதானதால் எதிலும் இடிக்காது, செயின் குட்டை, எடையும் குறைவு. 9 பல்லில் செயின் அதிகமாக மடங்கிச் சுற்றுவதால் தேய்மானம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தெரியும்.

ஆனால் 16 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பாகம்) மரையில் திருகி ஏற்றுவது. 9 பல் அப்படி இல்லை, கேசட் ஹப்பின் டிரைவரோடு (செயின் சுழற்றும் பாகம்) ஒன்றாகவே கடைந்திருக்கும். அந்த ஹப்களில் பின் அச்சு பெரும்பாலும் 14 மி.மீ. உங்கள் வெட்டு 10. அரம் வைத்து அகலப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அச்சு நட்டு இறுக்கிப் பிடிக்கும் இடத்திலேயே இரும்பு குறைந்துபோகும்.

51 மி.மீ. ஓட்டை அமெரிக்கன் அளவு. அதில் 19 மி.மீ. அச்சுள்ள மூன்று துண்டு கிராங்க் போடுவதற்கு சீல்டு பேரிங் செட் கிடைக்கும். கிராங்க் மாறினால் பெடலும் மாறும்: ஒரே துண்டு கிராங்கில் பெடல் மரை அரை அங்குலம், மூன்று துண்டில் 9/16. டயருக்கு வாருங்கள். இன்றைய 2.3, 2.4 அகல டயர் பழைய பின்தண்டுகளுக்கு நடுவே உரசாமல் சுற்றுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் அளவு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் உயரத்துக்கு டாப் ட்யூப் 21 முதல் 21.25 வேண்டும். 20-ல் முழங்கால் ஹேண்டில்பாரை முட்டும். அந்தக் கால ஃப்ரேம்களில் பின்சக்கரமும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியே இருக்கும், முன்சக்கரத்தைத் தூக்குவதற்குள் முதுகு கேட்கும். இன்றைய ஃப்ரேம்களில் செயின்ஸ்டே (கிராங்க் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை உள்ள நீளம்) சுமார் 13 முதல் 13.5 அங்குலம்.

வாங்கும்போது ‘குரோமோலி ஃப்ரேம்’ என்ற ஒரு வரியை நம்பி முடிவு செய்ய வேண்டாம். டவுன் ட்யூப் (கீழ்க் குழாய்) மட்டும் 4130 குரோமோலி (உறுதியான கலவை எஃகு), மற்றதெல்லாம் ஹை-டென் (கனமான சாதாரண எஃகு) என்ற வண்டிகள் நிறைய உண்டு. 84 கிலோவுக்கு ஃப்ரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், கிராங்க் நான்கும் முழுக் குரோமோலியாக இருக்கட்டும். பட்ஜெட் இடித்தால்கூட ஃபோர்க்கிலும் கிராங்கிலும் விட்டுக்கொடுக்காதீர்கள், அவை உடைந்தால் நேராக முகம்தான் தரையில். அடுத்து, மிட் பாட்டம் பிராக்கெட் (இன்றைய வழக்கமான அளவு), இன்டெக்ரேட்டட் ஹெட்செட் (ஃபோர்க் சுழலும் பேரிங் ஃப்ரேமுக்குள்ளேயே உட்கார்வது), இரண்டு ஹப்பிலும் சீல்டு பேரிங், பின்னால் 36 ஸ்போக்கோடு டபுள் வால் (இரட்டைச் சுவர்) ரிம். இவை இருந்தால் பின்னாளில் எந்தப் பாகம் தேய்ந்தாலும் மாற்று எளிதாகக் கிடைக்கும்.

ஹேண்டில்பார் 9 அங்குல உயரத்துக்குக் குறையாமல் பாருங்கள். உயரம் குறைந்த பாரில் குனிந்தே ஓட்டினால் இடுப்பு வலி நிச்சயம். அகலத்தை உடனே அறுக்க வேண்டாம், சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் சமமாகக் குறையுங்கள். பார் மாற்றுவதாக இருந்தால் ஸ்டெம் (பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) பிடிக்கும் இடத்தின் விட்டத்தைப் பாருங்கள்: 22.2 மி.மீ. ஒரு ரகம், 25.4 இன்னொரு ரகம். ஒன்றின் ஸ்டெம் மற்றதற்கு ஆகாது.

பெரியசக்கரம்:

ஒன்பது_பல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஒன்றில் மாறுபடுகிறேன். கிரைண்ட் இல்லை, பார்ஸ்பின் (ஹேண்டில்பாரை முழுச் சுற்று சுழற்றுவது) பற்றியும் பேச்சில்லை, ஓட்டம் பெரும்பாலும் பம்ப் டிராக் என்றால் 20 அங்குலச் சக்கரம்தான் என்று ஏன் கட்டுப்பட வேண்டும்? 22 அல்லது 24 அங்குலத்தையும் ஏறிப் பாருங்கள். பெரிய சக்கரம் குழியில் விழாமல் உருண்டு கடக்கும், வேகத்தில் நிதானமாக நிற்கும். ரேஸில் 24-க்கு க்ரூசர் என்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் வண்டியைத் தூக்குவதும் காற்றில் திருப்புவதும் மெதுவாகிவிடும். 24-ல் பன்னிஹாப் (ஓடும் வண்டியோடு தாவுவது) மறுபடி பழக அதிக நாள் பிடிக்கும். 22 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. டயர், ட்யூப், ரிம், ஃப்ரேம், ஃபோர்க் மட்டும் அதற்கென்று தனி. மற்றவை 20-க்கு உள்ளவையே.

சேர்க்க வேண்டியது: சக்கர அளவை அங்குலத்தில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டயர் பக்கவாட்டில் 406 (ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மி.மீ.) என்று இருந்தால் வழக்கமான 20. ‘20 x 1 3/8’ என்று இருந்தால் அது 451 மி.மீ. ரிம், எடை குறைந்த ரேஸ் ஓட்டுநர்களுக்கானது. இரண்டையும் 20 என்றுதான் சொல்வார்கள், டயரோ ஒன்றுக்கொன்று ஏறாது. 22 பிஎம்எக்ஸ் என்றால் 457, 24 என்றால் 507.

காற்று: மண் பம்ப் டிராக்குக்கு 55 முதல் 60 பிஎஸ்ஐ, கான்கிரீட் என்றால் 65 முதல் 75. டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். காற்றுக் குறைவாக ரேம்ப் விளிம்பில் இறங்கினால் ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ரிம் நசுங்கியதற்கு அதுதான் முதல் அறிகுறி, ஒட்டுப் போடும் முன் ரிம்மைத் தடவிப் பாருங்கள்.

திரும்பிவந்தவன்:

இருவருக்கும் நன்றி. 20 அங்குலச் சக்கரத்திலேயே, முழுக் குரோமோலி, 21 அங்குல டாப் ட்யூப் என்று முடிவு செய்துவிட்டேன். பாதி பிரித்த நிலையில் பெட்டியில் வரும் போலிருக்கிறது. பூட்டும்போது எதில் கவனம் வேண்டும்? பின் பிரேக்கைக் கழற்றிவிடலாமா? பழைய ஃப்ரேமை வேறு யாருக்காவது கொடுக்கலாமா?

ரிம்கோட்டம்:

பிரேக்கைக் கழற்றாதீர்கள். பின்னால் ஒரு யூ-பிரேக் (ரிம்மை இரு பக்கமும் பிடிப்பது), ஒற்றைக் கேபிள், ஒரு விரலால் இழுக்கும் லீவர் போதும். பழக்கம் திரும்பி வரும்வரை அது கட்டாயம். கழற்றக்கூடிய பிரேக் மவுன்ட் உள்ள ஃப்ரேம் என்றால் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். பெயிண்ட் அடித்த ரிம்மில் பெயிண்ட் தேயும் வரை பிரேக் சரியாகப் பிடிக்காது, பயப்பட வேண்டாம்.

பூட்டும் முன் சீட் போஸ்ட், பெடல் மரை, ஸ்டெம் போல்ட் மூன்றுக்கும் கிரீஸ் வையுங்கள், கம்பெனியில் பெரும்பாலும் தடவியிருக்க மாட்டார்கள். இடது பெடலுக்கு எதிர் மரை. ஃபோர்க்கில் சக்கரம் மாட்டும் நுனி முன்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். பெட்டியில் வரும் வண்டிகளில் ஃபோர்க்கைத் திருப்பிப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஹெட்செட்டில் வரிசை முக்கியம். பேரிங்கின் உள்வளையத்தில் சரிவு வெட்டிய பக்கம் மேலே இருப்பதில் மேல்நோக்கியும், கீழே இருப்பதில் கீழ்நோக்கியும் இருக்கட்டும். ஃபோர்க் தண்டின் முனை ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும். சமமாக நின்றாலோ மேலே வந்தாலோ மேல் போல்ட் தண்டில் முட்டி நின்றுவிடும், பேரிங்கை அழுத்தாது. அப்போது ஒரு ஸ்பேசர் சேருங்கள். ஸ்டெம்மின் பக்கப் போல்ட்களைத் தளர்த்தி வைத்து, மேல் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பாரைச் சக்கரத்துக்கு நேராக்கி, பிறகு பக்கப் போல்ட்களை மாறி மாறி இறுக்குங்கள். பாரைப் பிடிக்கும் நான்கு போல்ட்டை மூலைக்கு மூலை, கால் சுற்று காலாக. இடைவெளி நாலா பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆட்டம் பார்க்க பாரை 90 டிகிரி திருப்பி வண்டியை முன்பின் தள்ளுங்கள், ஹெட் ட்யூப்பின் கீழே வைத்த விரலில் ‘டக்’ என்று தட்டினால் இன்னும் ஆட்டம் இருக்கிறது.

செயின் நடுவில் மேலும் கீழுமாக 10 மி.மீ. அளவு அசைய வேண்டும். கிராங்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, அதிகம் இறுகும் இடத்தில் வைத்து அந்த அளவைச் சரிசெய்யுங்கள். முழு இறுக்கமாக வைத்தால் ஹப் பேரிங்கும் டிரைவரும் தேயும்.

கிராங்க் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராங்க் கையில் பிஞ்ச் போல்ட் (கையை அச்சோடு நெருக்கிப் பிடிப்பது) இருந்தால் முதலில் அச்சு போல்ட், அது முழுக்க இறுகியபின் பிஞ்ச் போல்ட். மாற்றிச் செய்தால் கை அச்சில் முழுதாக ஏறாது. முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு இரண்டையும் திரும்ப இறுக்குங்கள், கூடவே பெடல், அச்சு நட்டு, ஸ்போக். புதுச் சக்கரம் முதல் மாதத்தில் கொஞ்சம் கோட்டம் விழுவது இயல்பு, அப்போதே கோட்டத்தை எடுத்துவிடுங்கள்.

மிதிக்கும்போது ‘க்ளிக்’ கேட்டால் இரண்டு பெடலையும் கழற்றி கிரீஸ் வைத்துப் பூட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதோடு போய்விடும். போகவில்லையென்றால் கிராங்க் கைகளைக் கிடையாக நிறுத்தி இரண்டு பெடலிலும் ஏறி நின்று முன்னும் பின்னும் அசைந்து பாருங்கள். ஒரு கை மட்டும் லேசாக நகர்ந்தால் ஓட்டாதீர்கள். தளர்ந்த கையோடு ஓட்டினால் அச்சின் பல்வரிசை மழுங்கும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கையும் அச்சும் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

பழைய ஃப்ரேமை யாருக்கும் கொடுக்கும் முன் டவுன் ட்யூப்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். ஹெட் ட்யூப்புக்கு இரண்டு விரல்கடை பின்னால் பெயிண்ட் சுருங்கியோ, நகத்தில் தட்டுப்படும்படி சின்ன மேடோ இருந்தால் குழாய் மடங்கத் தொடங்கிவிட்டது. வெல்டிங் ஓரத்தில் மயிரிழைத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். இரண்டில் எது இருந்தாலும் அறுத்து இரும்புக்குப் போடுங்கள். ஒன்றும் இல்லையென்றால், ஒரே துண்டு கிராங்கையும் 44-16 கியரையும் அப்படியே வைத்து 5 அடி 4 அங்குலத்துக்குள் உள்ள ஒருவருக்குக் கொடுக்கலாம், சாலையில் ஓட்ட நன்றாக உழைக்கும்.