இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீடு: கேமராவா, கதவா?

கே.கே. நகர்வாசி (கேள்வி)

திருச்சி கே.கே. நகரில் தனி வீடு. மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்காக நானும் மனைவியும் புனே போகிறோம். திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். வாசலில் தேக்குக் கதவு, கொண்டி போட்டுப் பெரிய பூட்டு. பின்பக்கம் காலி மனை, முழுக்கச் சீமைக்கருவேலம். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைப் பட்டப்பகலில் உடைத்து நகையை எடுத்துப் போனதிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை. மருமகன் நான்கு கேமரா மாட்டச் சொல்கிறார். கடைக்காரர் 25,000 ரூபாய் கேட்கிறார். மைத்துனர் நாய் வளர்க்கச் சொல்கிறார். இரண்டு மாதம் அதற்குச் சோறு யார் வைப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. இருக்கிற பணத்தை எதில் போடுவது?

உறையூர்த் தச்சன்

ஐயா, கதவு செய்வதுதான் என் தொழில். திருடன் உடைத்துவிட்டுப் போன கதவைச் சரிசெய்யவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் போகும் வீடுகளில் பெரும்பாலும் பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருக்கும். கொண்டிதான் பெயர்ந்து கிடக்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமைக்குத் தகுந்த பூட்டுதான். ஆனால் அதை மாட்டுகிற கொண்டியை முக்கால் அங்குலத் திருகாணியில் அல்லவா நிற்க வைக்கிறோம்? கடப்பாரையை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினால் மரத்தோடு பிய்ந்து வந்துவிடும்.

கொண்டியைக் கழற்றச் சொல்லுங்கள். கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, உட்பக்கம் அகலமான வாஷரும் நட்டும் வைத்து முடுக்கி, போல்ட்டின் முனையைத் தட்டி நசுக்கிவிட வேண்டும். நிலையிலும் அப்படியே. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அதை மூடி இரும்புப் பட்டை அடிக்க வேண்டும். கடப்பாரை நுழைய இடம் இருக்கக் கூடாது. இதைவிட நல்லது கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு. வெளியே பூட்டு தொங்காததால் வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெருவில் போகிறவனுக்குத் தெரியாது.

இவ்வளவும் வாசல் கதவுக்கு. உங்கள் வீட்டில் வாசல் வழியாக எவனும் வரப்போவதில்லை. கருவேலம் இருக்கும் பக்கமாகத்தான் வருவான். கொல்லைக் கதவு எந்த மரம், என்ன தாழ்ப்பாள்? அதைச் சொல்லாமல் தேக்கைப் பற்றிச் சொல்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான், நான்கு பேர் பார்க்கும் கதவுக்குத் தேக்கு, பின்னால் ஒட்டுப்பலகை. கொல்லைக் கதவுக்கு உட்பக்கம் இரண்டு சுவரிலும் இரும்புக் கொக்கி பதித்து, பழைய வீடுகளில் கணையமரம் போடுவதுபோலக் குறுக்குச் சட்டம் போடுங்கள். அதை உள்ளே இருந்து போட்டுவிட்டு வாசல் வழியாக நீங்கள் கிளம்பலாம். எல்லாம் சேர்த்தாலும் கடைக்காரர் சொன்ன தொகையில் பாதிகூட ஆகாது.

ஓய்வுபெற்ற ஏட்டு

தச்சர் சொன்னது சரி. கன்னக்களவு நடந்த இடங்களில் நாங்கள் பார்த்ததும் அதுதான்.

கிளம்பும் முன் உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுங்கள். முகவரி, போகும் தேதி, வரும் தேதி, பக்கத்து வீட்டார் எண் போதும். ரோந்துக் காவலர் கையெழுத்திடப் பட்டா புத்தகம் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கேட்டால்தான் வைப்பார்கள்.

கேமரா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கடைசியில் வையுங்கள். பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்தே கொண்டுபோவான். கைபேசியில் பார்க்கும் வகை என்றாலும் ஒன்று கவனியுங்கள்: புனேயில் இருந்துகொண்டு 100 அல்லது 112ஐ அழைத்தால் அந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். உங்கள் காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணை 0431 சேர்த்து இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும். ஆனால் திருட்டோ தீவிபத்தோ நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான்; 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி அப்படி. வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். எனவே ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையை எழுதி, ரசீதோடு வையுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் புகாருக்கும் அதுதான் உதவும். அப்போது, புகார் வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள், வழக்குப் பதிந்ததற்கான முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

புத்தூர் அக்கா

அண்ணா, இவர்கள் இருவரும் இரும்பையும் சட்டத்தையும் சொல்லிவிட்டார்கள். வாசலை யாரும் சொல்லவில்லையே! நம் தெருக்களில் இரண்டு நாள் கோலம் இல்லையென்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று குப்பை வண்டிக்காரர் வரை தெரியும். பக்கத்து வீட்டில் கோலம் போடுகிறவரிடமே உங்கள் வாசலையும் கூட்டித் தெளித்து ஒரு சின்னப் புள்ளிக் கோலம் போடச் சொல்லுங்கள். கைக்குப் பணம் கொடுங்கள், சும்மா கேட்காதீர்கள். பேப்பரையும் பாலையும் நிறுத்துங்கள். வெளி விளக்கு இரவு பகலாக எரிந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். இருட்டினால் தானே எரியும் பல்பு கிடைக்கிறது.

லாக்கர் கிடைக்காத எங்கள் தெருப் பெண்கள் சிலர் ஊருக்குப் போகும்போது நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறிய தொகைக்கு அடகு வைத்துவிட்டுப் போவார்கள். வட்டி கொஞ்சம் போகும், பரவாயில்லை. பேரப்பிள்ளையைப் பார்த்ததும் புனேயிலிருந்து படம் போட உங்கள் கை துறுதுறுக்கும். வீடு திரும்பியபின் போடுங்கள்.

கே.கே. நகர்வாசி

அனைவருக்கும் நன்றி. தச்சர் ஐயா, கொல்லைக் கதவு ஒட்டுப்பலகைதான். ஒரே ஒரு அலுமினியத் தாழ்ப்பாள். நீங்கள் திட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன், மொட்டை மாடிக் கதவு தகரம். கோலத்துக்கு எதிர்வீட்டு அம்மா சம்மதித்துவிட்டார். கேமரா ஒன்று மட்டும், கொல்லைப் பக்கம் பார்த்து வைக்கலாம் என்று இருக்கிறேன்.

உறையூர்த் தச்சன்

திட்டவில்லை ஐயா. தகரக் கதவுக்கு உட்பக்கம் இரண்டு குறுக்கு இரும்பு வெல்டிங் வைத்தால் தாங்கும். கொல்லையில் ஏணி கிடக்கிறதா? கிடந்தால் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், அல்லது உள்ளே எடுத்து வையுங்கள். தென்னைக்குக் கொத்துகிற கடப்பாரையும் மண்வெட்டியும் வெளியே சாய்த்து வைத்திருப்பீர்கள், அவற்றையும்தான். வருகிறவன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரமாட்டான். வீட்டுக்காரரின் கடப்பாரையாலேயே அவர் கதவை நெம்பிய வீடுகளுக்கும் போயிருக்கிறேன்.