புதுப்பிப்பு: ப்ரீஆம்ப் வாங்கவில்லை

பவர் ஆம்ப்புக்கு (ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கி) முன்னால் ப்ரீஆம்ப் (சிக்னலைக் கூட்டிக் குறைத்து அனுப்பும் பெட்டி) கட்டாயமா என்று முன்பு கேட்டிருந்தேன். என் வீட்டுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன்.

சிடி பிளேயர் பொதுவாக 2 வோல்ட் தரும். என் ஆம்ப் முழுச் சத்தத்துக்குப் போக 1 வோல்ட் போதும். அப்போ கூட்டுவதற்கு ஒன்றுமில்லை, குறைக்கத்தான் ஏதாவது வேண்டும். 10 கிலோஓம் பொட் (வோல்யூம் திருகி) ஒன்றும் எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சும் வைத்த, கரண்ட் தேவையில்லாத பாஸிவ் பெட்டியே அதற்குப் போதுமாக இருக்கிறது. ஆனால் பெட்டியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயரை ஒரு மீட்டருக்குள் வைத்திருங்கள். நீண்டால் ட்ரெபிள் (கீச்சான உயர் ஒலி) மங்கும்.

ரெக்கார்ட் பிளேயர் வேறு கதை. எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் காந்த வகைத் தலை) தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். போதாததற்கு, இசைத்தட்டில் பாஸை (கனத்த தாழ் ஒலி) குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிந்திருப்பார்கள். அதை நேராக்க ஆர்ஐஏஏ என்ற பொது நியமப்படி திருத்தம் வேண்டும். அதனால் பெருக்கலையும் இந்தத் திருத்தத்தையும் சேர்த்துச் செய்யும் சின்ன ஃபோனோ ஸ்டேஜ் ஒன்று எடுத்தேன். அது நூறு மடங்கு பெருக்கினாலும் அரை வோல்ட்தான், ஆகவே இசைத்தட்டுக்கு வோல்யூமைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

இடது பக்க ஸ்பீக்கர் கரகரத்ததற்கும் ப்ரீஆம்ப் இல்லாததுதான் காரணம் என்று ஒரு அண்ணன் அடித்துச் சொன்னார். பிளக்கைக் கழற்றினால் உள்ளே பச்சையாகக் களிம்பு! உப்புவெளிக் கடற்காற்று எதை விட்டுவைத்தது? ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், கரகரப்பு நின்றுவிட்டது.