அப்டேட்: தோள்ல மட்டும் தூங்குற பாப்பா

முன்னாடி கேட்டிருந்தேன்ல, 8 மாச பாப்பா தோள்லயே தூங்கிட்டு கீழ படுக்க வச்சதும் முழிச்சுடுறான்னு, இப்ப நிறையவே மாறியிருக்கு. இந்த வயசுல ஒரு தூக்க சுழற்சி சுமார் 50-60 நிமிஷம்தான், ஒவ்வொண்ணும் முடியுறப்ப லேசா முழிப்பு வரும், தூங்கினப்போ இருந்த தோளும் ஆட்டமும் காணோம்னா அழுகைதான். அதனால கண்ணு சொக்கும்போதே படுக்கையில மல்லாக்க விட்டுட்டு நெஞ்சு மேல கைய மட்டும் வச்சுக்குறேன், சிணுங்கினா உடனே தூக்காம கொஞ்சம் பாக்குறேன், ரெண்டு உதை உதைச்சுட்டு விரல சப்பிக்கிட்டே தானா தூங்கிடுறா. பெரிய லைட்ட சீக்கிரமே அணைச்சிடுறோம், வெளிச்சம் மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன் சுரக்குறத குறைக்கும்ல. தலகாணி, போர்வை பக்கத்துலயே வைக்கிறதில்ல, 1 வயசுக்குள்ள அது மூச்சுக்கு ஆபத்து. நிஜமா அழுதா தூக்கிக்குவேன், அதுல மாத்தமே இல்ல. பல்லு முளைக்கிற ராத்திரி மட்டும் இன்னும் தோள்தான்.