சுரங்கம் தோண்டியவர்களும் பெட்டி வைத்திருந்தவர்களும்

'தி பேங்க் ஜாப்' (2008) படத்தை ஜேசன் ஸ்டேதமுக்காகப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் பார்த்த காரணம் வேறு. மன்னார்குடிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் தலைமைக் காசாளர் நான். ஸ்ட்ராங் ரூம் சாவி ஒன்று மேனேஜரிடம், மற்றது என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

படத்துக்கு அடிப்படை 1971 செப்டம்பரில் லண்டன் பேக்கர் தெருவில் ஒரு வங்கியில், வாடிக்கையாளர்களின் லாக்கர் பெட்டிகளை உடைத்து நடந்த நிஜக் கொள்ளை. இரண்டு கடை தள்ளி ஒரு தோல்பொருள் கடையைப் பிடித்து, நடுவில் இருந்த உணவகத்துக்கு அடியிலேயே சுமார் 40 அடிக்குச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். அவர்கள் வாக்கிடாக்கியில் பேசியதை ஹாம் ரேடியோக்காரர் (பொழுதுபோக்காக வயர்லெஸ் வைத்திருப்பவர்) ஒருவர் கேட்டு, பதிவு செய்து, போலீசுக்கும் சொல்லிவிட்டார். எந்த வங்கி என்றுதான் தெரியவில்லை. போலீஸ் அந்தக் கிளைக்கே வந்து பார்த்தது. பெட்டக அறைக்கு டைம் லாக், அதாவது குறித்த நேரத்துக்கு முன் திறக்காத பூட்டு; கதவில் ஒரு கீறல்கூட இல்லை. திரும்பிப் போய்விட்டார்கள். இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கதவு பத்திரமாக இருக்கிறது என்று நம்பித்தானே நாங்களும் தினமும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்!

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் வந்து, நகை மீட்க வந்திருந்த ஒரு அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சுரங்கத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உறையைப் பிரித்து, செயினின் கொக்கியைத் திருகிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பொட்டி வச்சிருந்தவங்களுக்கு நகை திரும்பக் கெடச்சுதா தம்பி?"

நாலு பேர் 1973இல் தண்டனை பெற்றார்கள், போனதில் பெரும்பகுதி போனதுதான் என்றேன். "அப்புறம் என்ன தெறமை?" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. படம் முழுக்க நாம் திருடர்கள் பக்கமே நிற்கிறோம்.

அடகு நகை என்றால் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி வைப்போம். லாக்கரில் என்ன இருக்கிறது என்று வங்கிக்கே தெரியாது. 2022 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கர் கொள்ளை போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 என்றால் 2 லட்சம். பத்துப் பவுனுக்கே அது காணாது.

அந்த அம்மா மகள் கல்யாணத்துக்குப் பிறகு லாக்கர் எடுக்கப்போகிறாராம். உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வொரு நகையையும் போனில் படம் பிடித்து, எடையை நோட்டில் எழுதி, ரசீதுகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.